செம்மண்ணில் இரண்டு கோடு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு பெட்டியைக் கையில் தூக்கக்கூட உடம்பு வணங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் சக்கரம். ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். மணல்மேடு ரயில் ஹால்ட்டின் செம்மண் பிளாட்பாரத்தை ஏசுபாதம் கூட்டி முடித்து அரை மணிகூட ஆகவில்லை. அதற்குள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இரண்டு கோடு.

நடுவில் வண்டி எதுவும் வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நாளைக்கு ஹால்ட்டில் விழா. மூடப்போகிறார்கள், மூடப்போகிறார்கள் என்றே காலம் ஓடியது. இப்போது பாலாற்றங்கரையையும் மலையையும் போனில் படம் பிடிக்கவே மெட்ராஸிலிருந்து ஆள் வருகிறது. தினமும் கூட்டிப் பெருக்கி ஹால்ட்டைக் காப்பாற்றியவர் என்று, தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்கில் உழைத்த ஏசுபாதத்துக்குச் சால்வை.

விளக்கு வைக்கும் நேரத்துச் செங்கல்பட்டு வண்டியில் ஒருத்திதான் இறங்கினாள். செத்துப்போன செங்கம்மாளின் மகள் ஹெலன். தோளில் துணிப்பை. சக்கரப்பெட்டி இல்லை.

"நாளைக்கு சால்வ போத்துறாங்களாமே, பெரியப்பா."

"எவனோ போத்துறான். உனுக்கு இன்னா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு எங்கம்மா கைல டிக்கெட்டு இருந்துச்சா?"

காது மடல் சுட்டது. ஹெலனுக்கு அம்மாவின் வாய். அதைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"உங்கம்மா லைன்ல தலய வெச்சிக்கினா. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு நீங்களும் ஆபிரகாம் மாமாவும் சொன்னதுதான் தெரியும். தானா செத்தவன்னு கல்லற வேலிக்கு வெளிய ஜெபம் இல்லாம பொதச்சாங்க. இப்ப கீற ஃபாதர் ஒரு சாட்சி சொன்னா போதும், உள்ள கொணாந்துடலாம்னு சொல்றாரு. மாமாவும் போய்ட்டாரு. நீங்கதான் மிச்சம்."

"எனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

அவள் அழவில்லை. "சால்வய நல்லா போத்திக்கோங்க. பனி கொட்டுது," என்று சொல்லிவிட்டு ஊர்ப்பக்கம் நடந்தாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. செங்கம்மாள் இறங்கக் கால் வைத்தபோது வண்டி குலுங்கி நகர்ந்தது. பயணி விழுந்து செத்தாள் என்று தெரிந்தால் மறுநாளே ஹால்ட்டை மூடிவிடுவார்கள், அப்புறம் இந்த ஊர் ஆறு மைல் நடக்க வேண்டும். கூட வேலை பார்த்த ஆபிரகாம் டார்ச் அடித்தான். இவர் அக்குளில் கை கொடுத்து, பிளாட்பாரம் முழுக்க அவளை இழுத்துப்போய் வளைவில் தண்டவாளத்தின் மேல் போட்டார். மூடியிருந்த கையை விரல் விரலாகப் பிரித்து அட்டை டிக்கெட்டை எடுத்தார். அது பைபிளுக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் பைபிளைத் திறப்பதில்லை. கடைசியாக வேப்பங்கொத்தை ஒடித்து, மண்ணில் குதிகால் இழுபட்ட தடத்தை அழித்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. ஒரு கோடு அகலம், ஒரு கோடு ஒல்லி.

துடைப்பத்தை எடுத்துக் கோடுகளைக் கூட்டினார். பிரேக் கட்டை தீய்ந்த வாசனையும், அதற்கு அடியில் உப்பும் இரும்பும் கலந்த இன்னொரு வாசனையும் மண்ணிலிருந்து எழும்பி மூக்கில் ஒட்டிக்கொண்டன. கூட்டி முடித்து நிமிர்ந்தார்.

கோடுகள் இருந்தன.

ஒன்று அகலம். ஒன்று ஒல்லி.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் சர்ர்ரென்று மண் அரைபடும் சத்தம். நின்றார். நின்றது. நடந்தார். சர்ர். கை இரண்டும் கனத்தன. வெறும் கை. ஆனாலும் கனத்தன.

ஹெலன் இன்னும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும். வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டார்.

திரும்பினார்.

கோடுகள் அவருக்கு ஒரு ஆள் நீளம் பின்னால் வந்து முடிந்திருந்தன. அகலக் கோட்டின் முனையில் ஒற்றை ரப்பர் செருப்பு. குதி மண்ணில் புதைந்து, நுனி வானத்தைப் பார்த்து, நிமிர்ந்து நின்றது.

"எவனோ பொட்டிய இழுத்துக்கினு போயிருக்கான்," என்றார் சத்தமாக. பேய் பிசாசை அவர் நம்பினதே இல்லை. இப்போதும் நம்பவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

செருப்பும் நகர்ந்தது.