இடப்பக்கம் நகரும் கேமரா

போல்ட்டின் மேல் இழுத்த வெள்ளைக் கோடு முறியவில்லை. ஆனால் கேமரா இடப்பக்கம் இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது.

சிகுசா கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். இங்கே மெக்கானிக்குகள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் அந்தக் கோடு. போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து அடித்தகடு வரை வெள்ளை மையால் ஒரு கீற்று இழுத்துவிடுவார்கள். போல்ட் இம்மி திரும்பினாலும் கீற்று இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பிரியவில்லை என்றால் தளரவில்லை. தளராத பிடி எப்படி நகரும்?

அது கூரையில்லாத, இரண்டே இருக்கைகள் கொண்ட சின்னக் கார். கவிழ்ந்தால் தலையைக் காப்பதற்காக இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக ஓர் இரும்புக் குழாய் உண்டு. கேமராவின் பிடியை அந்தக் குழாயின் நடுவில் கவ்வ வைத்திருந்தாள். அங்கே வைத்தால்தான் ஸ்டியரிங்கில் இருக்கும் அவள் கைகளும் எதிரே வரும் வளைவும் ஒன்றாகப் படத்தில் விழும். நீள்தூரப் பந்தயத்துக்கான பெண்கள் அணி கேட்டிருந்ததும் அதைத்தான்: வெட்டாமல் ஒரு சுற்று, கைகளும் பாதையும் கடைசிவரை தெரிய வேண்டும். அணியில் ஒரே ஓர் இடம்தான் காலி. இன்றோடு இந்த மலைத்தடத்தை மூடிவிடுவார்கள். இனிப் பனி உருகிய பிறகுதான். காலையில் எடுத்த படத்திலோ, அவள் கைகள் மெல்ல மெல்ல வலப்பக்க விளிம்புக்கு வெளியே போய்விட்டிருந்தன. படத்தை நிறைத்திருந்தது இடப்பக்கத்துக் காலி இருக்கை.

கார்களைப் பரிசோதிக்கும் நெமோதோ வந்து பிடியை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை நகர்ந்துச்சுன்னா கழட்டி என்கிட்ட குடுத்துடுங்க, சிகுசா சான். பின்னால வர்ற தொகாஷி மூஞ்சில போய் விழுந்தா, அவர் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?"

"அவருக்கு ஏது பொண்டாட்டி?"

நெமோதோவின் முகத்தில் சிரிப்பு அடங்கியது. "இப்ப இல்ல," என்று இடப்பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

தொகாஷிதான் போன வசந்தத்தில் இந்தக் காரை அவளுக்கு விற்றவர். விற்ற பிறகும் இதை விட்டு விலகாத மனிதர். அவள் தேநீர் குடிக்கப் போனால் காரருகே வந்து நிற்பார். திரும்பி வந்தால் நகர்ந்துவிடுவார். கோடையிலிருந்து அவருடைய சுற்று நேரத்தை அவள் முந்தத் தொடங்கியிருந்தாள். அதுதான் உறுத்துகிறதோ?

"தொகாஷி சான், என் காரைத் தொட்டீங்களா?"

"வித்ததுக்கப்புறம் ஒரு தடவைகூட இல்ல." சூடான காபி டப்பாவை உள்ளங்கைகளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கேமரா நகருது."

"இடப்பக்கமாவா?"

அவள் பக்கத்தைச் சொல்லவேயில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மலையைப் பார்த்தார். மேகம் சரிவில் இறங்கி, தடத்தின் மேல்வளைவுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு வேணாம், சிகுசா சான். காரை நானே திருப்பி வாங்கிக்கறேன். வீட்டுக்குப் போங்க."

"எனக்கு இடம் கிடைக்கறது பொறுக்கலையா?"

அவர் திறக்காத காபி டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடந்தார்.

அவர்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். ஆகவே பிடியின் உள்ரப்பரைத் துடைத்து, மறுபடி நடுவில் வைத்து இறுக்கி, போல்ட்டில் ஒன்று, பிடியிலிருந்து குழாய்வரை ஒன்று என இரண்டு கீற்றுகள் இழுத்தாள். காரை விட்டு இறங்கவேயில்லை. காரருகே யார் வந்து பேசினாலும் பதிவாகும்படி ஒரு மைக்கும் வைத்தாள். திறந்த காரில் கேமராவின் சொந்த மைக்கில் காற்றின் இரைச்சல்தான் பதியும். ஒயர் நீட்டி, காற்றுப் படாத இடத்தில் தனி மைக்கை ஒளிக்க வேண்டும். இடப்பக்கத்துக் கால் வைக்கும் பள்ளத்தில், விரிப்புக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த ஓட்டம் முடிந்து நின்றபோது குழாயிலிருந்த கீற்று முறிந்திருந்தது. போல்ட்டிலிருந்தது முழுசாக இருந்தது. இடையில் காரருகே யாருமே வரவில்லை.

ஹெல்மெட்டோடு உட்கார்ந்தபடியே கைபேசியில் படத்தை ஓட்டினாள். தூறல் திரையில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. கார் வலப்பக்கம் வளையும்போது உள்ளேயிருக்கும் எல்லாமே இடப்பக்கம் எறியப்படும். இடப்பக்கம் வளைந்தால் வலப்பக்கம். தளர்ந்த பிடி என்றால் இரண்டு பக்கமும் ஊசலாட வேண்டும். இது ஊசலாடவில்லை. வலது வளைவில் மட்டும் வெடுக்கென்று ஓர் இழுப்பு. பிறகு, நேர்ப்பாதையில் அசையாமல் இருக்கிறது. மறுபடி வலது வளைவு. மறுபடி இழுப்பு. கையளவு கேமராவின் எடைக்கு அந்த வலிமை கிடையாது. கதவை நோக்கி எறியப்படுகிற ஓர் உடம்பு, கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டு தொங்கினால் அது வரும்.

ஒலியைக் கூட்டினாள். இன்ஜின் முழக்கம். கல் தெறிக்கும் சத்தம். அப்புறம், தொம்.

விரிப்பின் மேல் எதையோ ஊன்றிய சத்தம். அதற்கடுத்த நொடியில்தான் அவள் பிரேக் அழுத்தும் சத்தம் வந்தது. அடுத்த வளைவிலும் தொம், பிறகு பிரேக். பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர்கள் பயந்தால் செய்வதுதான்: இல்லாத பிரேக்கை மிதிப்பார்கள். ஓட்டுகிறவர் மிதிப்பதற்கு முன்னாலேயே மிதிப்பார்கள்.

சிகுசா மெதுவாக இடப்பக்கம் திரும்பினாள். காலி இருக்கை. தூறலில் அதன் ஓரமெல்லாம் நனைந்திருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தது.

நனைந்த கம்பளி நாற்றம். அவள் உடம்பில் கம்பளி எதுவும் இல்லை.

ஒலிபெருக்கி கடைசி ஓட்டத்துக்கு அழைத்தது. மேகம் இறங்குவதால் ஐந்தே கார்கள், ஐந்தே சுற்று. நெமோதோ கொடியோடு அவளைப் பார்த்தபடி வந்தார். பிடியைப் பார்த்துவிட்டால் கேமரா போய்விடும், அணியும் போய்விடும். அவசரமாகக் கேமராவை நடுவுக்குத் தள்ளி இறுக்கி, குழாய்வரை புதிதாக ஒரு கீற்று இழுத்தாள். பிறகுதான் தோன்றியது. கையில் அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு தொங்குவது யார்? பெல்ட் போடாதவர்கள்.

இடப்பக்கத்து இருக்கையில் நான்கு பட்டைகளும் பக்கவாட்டில் தொங்கின. தனியாக ஓட்டும்போது அவள் அவற்றை மாட்டியதே இல்லை. எட்டி எடுத்து, நான்கையும் நடுக்கொக்கியில் செருகினாள். தோளுக்கான பட்டைகளின் நுனியைப் பிடித்து இழுத்தாள். காலி இருக்கை என்றால் பட்டை முதுகுத் திண்டோடு போய் ஒட்ட வேண்டும்.

ஒட்டவில்லை. ஒரு நெஞ்சின் பருமனளவு வெளியே நின்றுவிட்டது. இன்னும் பலமாக இழுத்தாள். அதற்குமேல் இறுகவில்லை.

வேலிக்கு அப்பால் தொகாஷி நின்றிருந்தார். காரைப் பார்த்து, இடுப்பு வளைய, நெடுநேரம் குனிந்து வணங்கினார். அவளை அல்ல.

கொடி இறங்கியது.

முதல் வளைவு வலது. இழுப்பு இல்லை. தொம் இல்லை. பக்கத்தில் பட்டை முறுகும் ஒலி மட்டும். இடது. பட்டை மறுபக்கம் முறுகியது. மேகத்துக்குள் நுழைந்தாள். வெள்ளை. ஈரம். கம்பளி நாற்றம், மிக அருகில். திரும்பிப் பார்க்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கில். கண் பாதையில். அணி கேட்டது அதைத்தான்.

ஐந்து சுற்றும் முடிந்தன. அவள் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமான ஓட்டம்.

இன்ஜினை அணைத்தாள். குழாயில் கீற்று முறியவில்லை. படத்தில் கைகள், பாதை, எல்லாம் நடுவில், அசையாமல். இடது ஓரத்தில் பட்டைகள் வெறும் காற்றைக் கட்டிப் பிடித்திருந்தன.

அவள் தலையைத் திருப்பினாள். கார் நின்றுவிட்டது. பட்டைகள் தளரவில்லை. உப்பின. அடங்கின. உப்பின.

பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டி, நெஞ்சுக்கு இடம் விட்டு இறுக்கினால், கேமரா நகராது.