நைனா ரிஜெக்ட் செய்த கண்

பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. நானோ எங்கள் தெருக்கோடியில் தினசரிக் காலண்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவின் மறுகோடியில் என் நைனா, உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடி கனகா!” என்று கத்தினார்.

“தூக்கிக்கினுதான் கீறேன் நைனா! சீக்கிரம் தேதியச் சொல்லு, ஸ்கூலுக்கு லேட்டாவுது!”

“தெரியல! மசமசன்னு கீது! ரிஜெக்ட்!”

பால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரமாகத் தினமும் காலையில் இதே கூத்துதான்.

என் நைனா பெயர் தேசப்பன். காக்களூரில், கதவுக்குக் கீல் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை, கீல் இன்ஸ்பெக்டர். செய்து முடித்த கீல்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ‘பாஸ்’. கொஞ்சம் பிசகினாலும் ‘ரிஜெக்ட்’. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா சுட்ட தோசை வட்டமாக இல்லையென்றால் ரிஜெக்ட். என் இரட்டைப் பின்னலில் ஒன்று மேலே ஏறியிருந்தால் அதுவும் ரிஜெக்ட்.

நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை வந்திருந்தது. அதற்கு முன்பே அவருக்குத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி, கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி. இரண்டையும் மாற்றி மாற்றித் தொலைப்பார். தேடுவது யார்? நான்தான். ஒருமுறை அரிசி டின்னுக்குள் இருந்து எடுத்தேன். அது எப்படி அங்கே போனது என்று அவர் என்னையே கேட்டார்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் நைனா டாக்டரிடம், “இனிமே எனக்குக் கண்ணாடியே இருக்கக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் பல சோதனைகள் செய்துவிட்டு விளக்கினார். “உங்க வலது கண்ணுக்குத் தூரம் பார்க்கிற லென்ஸ் வைக்கிறேன். இடது கண்ணுக்குக் கிட்டத்துல பார்க்கிற லென்ஸ். ரெண்டு கண்ணையும் திறந்து வைச்சா, எது எப்ப வேணுமோ அதை மூளையே எடுத்துக்கும். முக்கால்வாசி வேலைக்குக் கண்ணாடி தேவைப்படாது. பழகக் கொஞ்ச நாள் ஆகும். ஆனா ஒண்ணு. ஒரு கண்ணை மூடி மூடிச் சோதிச்சுக்கிட்டே இருக்காதீங்க. குழப்பம்தான் வரும்.”

நைனா மூன்று முறை தலையாட்டினார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஒன்றரை மாதம் ஆயிற்று. நைனா என்ன செய்தார்? ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிச் சோதித்தார்! இடது கண்ணால் காலண்டர் தெரியவில்லை. வலது கண்ணால் பேப்பர் படிக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதும் அதைத்தானே!

“ஜோடின்னா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்” என்றார் நைனா. “வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணுன்னு நான் இருபது வருஷமா எந்த ஜோடியையும் பாஸ் பண்ணதில்ல. வர்ற திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறேன். இடது கண்ணு லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கச் சொல்றேன்.”

“இன்னாங்க, அது இன்னா பல்பா, கழட்டி மாட்டறதுக்கு?” என்றாள் அம்மா.

அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அங்கே நர்ஸாக இருக்கும் கிரேஸ் சிஸ்டரிடம் கேட்டாள். ஒருமுறை வைத்த லென்ஸை எடுத்து மாற்றுவது முதல் ஆபரேஷன் மாதிரி சுலபமில்லை, கண்ணுக்கு ஆபத்து வரலாம் என்று சிஸ்டர் சொன்னார். அம்மா அதை அப்படியே நைனாவிடம் சொன்னாள். நைனா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு நைனா மேல் கோபம் கோபமாக வந்தது. பயமாகவும் இருந்தது. நன்றாக இருக்கிற கண்ணைப் போய்க் கெடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரே!

சனிக்கிழமை சாயங்காலம் நைனா டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே வேர்க்கடலை உரித்தார். திரையின் அடியில் ஓடும் ஸ்கோரைச் சத்தமாகப் படித்தார். கையிலிருந்த கடலையில் சொத்தையை மட்டும் பொறுக்கி எறிந்தார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. திடீரென்று ஞாபகம் வந்தது போல, கை மேலே போய் வலது கண்ணை மூடியது.

“தெரியல! ஸ்கோர் தெரியல!” என்று புலம்ப ஆரம்பித்தார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. தொந்தரவெல்லாம் அந்தக் கையால்தான்!

“நைனா, கையை வைக்காம ஒரு கண்ணை மட்டும் மூடு பாக்கலாம்” என்றேன்.

நைனா முயன்றார். இரண்டு கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டன. மறுபடி முயன்றார். மூக்கு சுருங்கியது, வாய் கோணியது, ஆனால் ஒரு கண்ணை மட்டும் மூட வரவே இல்லை. அம்மா சிரித்து சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செவ்வாப்பேட்டையில் லட்சுமி அத்தையின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஒத்தாசைக்காக அம்மா விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். நானும் நைனாவும் பிறகு போக வேண்டும். கொண்டுபோக வேண்டியது இரண்டே பொருள்தான். திருஷ்டி சுற்ற ஒரு பெரிய பூசணிக்காய், ஒரு தூக்கு நிறையச் சூடான பாயசம். பூசணிக்காயை நைனாவின் இடது கையில் அணைத்து வைத்தேன். தூக்கை வலது கையில் கொடுத்தேன்.

“நீ ஒண்ணும் தூக்க மாட்டியா?” என்றார் நைனா.

“கை வலிக்குது நைனா. ஒரு வாரமா காலண்டர் புடிச்சேன்ல?”

நைனா பூசணிக்காயை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு நடந்தார்.

திருவள்ளூர் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றோம். தூரத்தில் ஒரு ரயில் வந்தது. நான் வேண்டுமென்றே ஏறத் தயாரானேன்.

“ஏறாத கனகா! அது ஃபாஸ்ட்டு. முன்னாடி எழுதிக்கீது பாரு. செவ்வாப்பேட்டைல நிக்காது!”

கண்ணை மூட நைனாவின் வலது முழங்கை கொஞ்சம் உயர்ந்தது. தூக்கில் பாயசம் தளும்பியது. முழங்கை இறங்கிவிட்டது.

அடுத்த ரயிலில் ஏறினோம். உட்கார இடமில்லை. நான் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தேன்.

“நைனா, எத்தினி மணிக்கு விசேஷம்?”

“ஒன்பதுலேர்ந்து பத்தரை.” கீழே இருந்த பொடி எழுத்துகள் வரைக்கும் கடகடவென்று படித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “இங்க பாரு, கனகா! தேதி இன்னிக்குத் தேதி. கிழமைய மட்டும் சனின்னு போட்டுக்கீறான். இவ்ளோ பேருக்குக் குடுத்துக்கீறாங்க, ஒருத்தர்கூடப் பாக்கல. ரிஜெக்ட்!”

புட்லூர் தாண்டியதும் அவருக்குக் கண் ஞாபகம் வந்துவிட்டது. இடது கை மெல்ல மேலே போனது. பூசணிக்காய் நழுவியது. பக்கத்தில் நின்ற பெரியவர் பாய்ந்து பிடித்து, “கையச் சும்மா வைச்சிக்கினு நில்லுங்க சார்!” என்று அதட்டினார். எனக்கு அந்தப் பெரியவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அத்தையின் புது வீடு எங்களுக்குத் தெரியாது. தெருமுனையிலிருந்தே நைனா கண்டுபிடித்துவிட்டார். “அதோ, பச்ச கேட்டு. மேல ‘லட்சுமி இல்லம்’னு எழுதிக்கீது. நட பாப்போம்.”

வாசலில் அம்மா வந்து பூசணிக்காயையும் தூக்கையும் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், நைனாவின் கை நேராகக் கண்ணுக்குப் போனது. நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“இரு நைனா. ஃபாஸ்ட்டு வண்டின்னு எந்தக் கண்ணால பாத்த?”

“எந்தக் கண்ணாலயா? பாத்தேன்... அவ்ளோதான்.”

“பத்திரிகைல கிழமை தப்புன்னு எந்தக் கண்ணால படிச்ச?”

நைனா தலையைத் தூக்கி, கேட்டின் மேலிருந்த பெயரைப் பார்த்தார்.

“இந்த ஊட்டு பேர எந்தக் கண்ணால படிச்ச? மசமசன்னு இருந்துச்சா?”

“இல்ல” என்றார் மெதுவாக. “எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது.” பிடித்திருந்த கையை விட்டேன். அது கண்ணுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு என் தலைக்கு வந்தது. “அதுக்குத்தான் பூசணிக்காயா? கேடி!” என்றார்.

அன்று அவர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே சோதித்துப் பார்த்தார். பந்தியில் உட்கார்ந்து தூரத்தில் இருந்த கோலத்தைப் பார்ப்பார், உடனே இலையைப் பார்ப்பார். மறுபடி கோலம், மறுபடி இலை. பரிமாறியவர் குழம்பிப்போய் அவருக்கு இரண்டாவது அப்பளமும் வைத்தார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். படியேறும்போது அம்மா பயந்துகொண்டே கேட்டாள், “லென்ஸ மாத்தச் சொல்லப் போறீங்களா?”

“எதுக்கு? ரெண்டும் பாஸ்” என்றார் நைனா.

எனக்கு இரண்டு படியை ஒரே தாவலாகத் தாண்ட வேண்டும் போல இருந்தது. தாண்டியும் விட்டேன்.

உள்ளே கிரேஸ் சிஸ்டர் நைனாவை நாற்காலியில் உட்காரவைத்தார். சுவரில் பெரிதும் சிறிதுமாக எழுத்து அட்டை தொங்கியது. சிஸ்டர் கைப்பிடி வைத்த ஒரு கறுப்பு மூடியை நீட்டினார். “இதால இடது கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க சார்.”

நைனா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “அது மட்டும் வேணாம் சிஸ்டர்! ஒரு கண்ணை மூடிச் சோதிக்கக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிக்கீறாரு.”

“நீங்க வீட்ல சோதிக்கக் கூடாது சார். நாங்க சோதிக்கலாம்.”

“யாரும் சோதிக்கக் கூடாது. ரெண்டும் சேர்ந்துதான் பாஸ்.” இரண்டு கையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மூடாதே, மூடாதே என்று நேற்றெல்லாம் இவரோடு மல்லுக்கட்டினேன். இப்போது மூடு என்று கெஞ்ச வேண்டுமாம்!

எழுந்து போய், என் உள்ளங்கையால் நைனாவின் இடது கண்ணை அழுத்தாமல் மூடினேன். அவர் தட்டிவிடவில்லை. என் உள்ளங்கையில் அவர் இமை கிச்சுக்கிச்சு மூட்டியது.

“படி நைனா” என்றேன்.

நைனா கட்டிய கையை அவிழ்க்காமலே கடைசி வரி வரைக்கும் படித்தார்.