தூங்கவிடக் கூடாத போன்

பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு யுவராணி கிணற்று விளிம்பில் நின்றிருந்தாள்.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் காலையிலிருந்து குனிந்தே கிடந்த ஒச்சாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவளைப் பார்த்தான். தன் மகள்தான் என்று அவன் மனதுக்கு ஏறவே ஒரு நிமிடம் பிடித்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத எண்பதடிக் கிணறு அது. மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தான். பதினொரு வயதாகிறது, இதுநாள்வரை ஒருதரம்கூட அவள் அவன் பேச்சை மீறியதில்லை.

அவன் கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டுக் காலை எங்காவது வைத்துவிடுவாள். பூனைபோல நடந்து பின்னால் போய்த் தோளைப் பிடித்து இழுத்தான்.

"இங்கன எதுக்கு வந்த? யாரு வரச் சொன்னா?"

"நீங்கதானப்பா வரச் சொன்னீக."

"நானா?"

"வீட்டுல இருந்து போன் அடிச்சேன்ல. கிணத்தடிக்கு வா தாயி, ஒண்ணு காட்டுறேன்னீக."

"நான் போனே எடுக்கலயே."

"போங்கப்பா. உங்க குரலு எனக்குத் தெரியாதா? இருமக்கூடச் செஞ்சீக."

இருமல் அவனுக்கு இருபது வருடத்துச் சொத்து. கொடிக்கு மருந்தடித்து மருந்தடித்து நெஞ்சுக்குள் இறங்கியது. முதலில் இரண்டு சின்ன இருமல், ஒரு மூச்சு, பிறகு நீளமாக ஒன்று. காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் அவன் ஏறினால் முன்சீட்டில் இருப்பவர்கள் திரும்பாமலே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். கறுப்பாகக் கிடந்தது. பொத்தானை அமுக்கினான், வெளிச்சம் வரவில்லை. செத்த பொருள் இப்படிச் சுடாது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோலக் கொதித்தது.

அது அவன் வாங்கிய போன் இல்லை. தோட்டத்து முதலாளி ஞானதுரை தேனியில் இருக்கிறார், அவர் கொடுத்தது. கிணற்று மோட்டாருக்கு உள்ளேயும் ஒரு சிம் இருக்கிறது. இந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு தரம் கூப்பிட்டால் நிற்கும். வேறு எந்த நம்பருக்கும் அது மசியாது. போன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லையென்றால் ஒச்சாண்டிக்கு அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை. கைக்கு வந்த மூன்றாம் மாதத்திலிருந்தே அது இப்படி அடிக்கடி உறைந்துபோகும். எதை அமுக்கினாலும் எழாது. ஆனால் அந்த நேரத்தில் அது பேசியதாக யாரும் சொன்னதில்லை.

மறுநாள் கம்பத்துக்குப் போய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற செல்வின் கடையில் கொடுத்தான்.

"என்னண்ணே, மறுபடி மயக்கம் போட்டுருச்சா?" செல்வின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கிப் பத்து எண்ணினான். போன் ஒரு நடுக்கம் நடுங்கி விழித்தது. எதையெதையோ தள்ளிப் பார்த்தான். "நேத்துச் சாயங்காலம் உங்களுக்கு ஒரு காலும் வரலையே."

"எம்மக பேசியிருக்காப்பா."

"ராங் நம்பரா இருக்கும். உங்கள மாதிரி இருமுற ஆளு ஊருக்கு நாலு பேரு இருக்காக." சிரித்தான். ஒச்சாண்டி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எல்லாப் போனும் தூங்கும்ண்ணே, அது தப்பில்ல. உங்களது தூங்குனா எந்திரிக்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள உசுரு இருக்கு, நீங்க கூப்பிட்டா வராது. அதான் சுடுது."

"அந்நேரம் உள்ளுக்குள்ள என்னப்பா செய்யும்?"

செல்வின் யோசித்துப் பார்த்தான். "அத யாருண்ணே கண்டா?"

பிறகு ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். மேலே ஓரத்தில் சின்னப் பூட்டுப் படம் வந்தது. அந்தப் பூட்டு இருக்கிறவரை போன் கண்ணை மூடாது. சார்ஜ் இருபதுக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஆப் தானாக நின்றுவிடும். "தூங்கவிடாதீகண்ணே, அம்புட்டுத்தான்."

ஒச்சாண்டி நாற்பது வயதில் மகளிடம் எழுத்துப் படித்தவன். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, பூட்டுக்குப் பக்கத்தில் இருந்ததை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். 'விழித்திருக்கிறது.'

அன்று பொழுது சாய்ந்ததும் அடுப்பங்கரையில் மகளை உட்காரவைத்துச் சொன்னான். மனைவி பஞ்சம்மாள் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் இறங்குவாள். அந்த வரிசையில் இருக்கிற ஆறு காலனி வீட்டுப் பெண்களும் அதே ஜீப்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யுவராணிக்குத் துணை, மாடத்தில் இருக்கிற பட்டன் போன் ஒன்றுதான்.

"இனிமே போன்ல நான் பேசுனாலும் நம்பாத. நம்ம செத்துப்போன ஆட்டுக்குட்டி பேரு என்னான்னு கேளு. சரியாச் சொன்னாத்தான் நானு."

"பட்டாணி."

"ஏத்தா, மெல்லச் சொல்லு."

யுவராணிக்கு இது விளையாட்டாகப் பட்டது. "வாசல்ல வந்து நின்னாலும் கேக்கவா?"

"கேளு. நானே வந்து கதவத் தட்டுனாலும் கேளு. யாரு முதல்ல சொல்றாகளோ அவுகள நம்பு."

போன் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், சாணி மெழுகிய தரையில், பூட்டுப் படத்தோடு விழித்துக் கிடந்தது.

இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒச்சாண்டி பந்தலுக்கு அடியில் நாலு கொத்து வெட்டுவான், போனைத் தொட்டுப் பார்ப்பான். சோற்றில் கை வைக்குமுன் பார்ப்பான். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு, புரண்டு படுக்கும்போதெல்லாம் ஒரு விரலால் தட்டுவான். பஞ்சம்மாளுக்குத் தாங்கவில்லை. "என்னய ஒரு நாளு இப்பிடி ராவும் பகலும் தொட்டுப் பாத்திருப்பீகளா? அதுக்குத் தாலியும் கட்டிருங்க, நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்." அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தட்டினான்.

மூன்றாவது வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மலைப்பக்கம் இடித்த இடியில் ராத்திரியே கரண்ட் போனது, விடிந்தும் வரவில்லை. போனில் சார்ஜ் நாற்பதோடு தோட்டத்துக்குப் போனான். பழுத்த பன்னீர்த் திராட்சைக் கொத்துகள் மழையில் வெடிக்குமே என்று முதலாளிக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து நாலு தரம் கூப்பிட்டுவிட்டார். "ஏலே ஒச்சாண்டி, வெட்டுனியா இல்லையாடா?" ஒவ்வொரு தரமும் போன் சூடாகி, எண் இறங்கியது. முப்பத்தொன்று. இருபத்தேழு. நனைந்த கொத்துகளைப் பெட்டி பெட்டியாகச் சுமந்து கிணற்றடி மோட்டார் அறைக்குள் அடுக்கி முடித்தபோது அவன் கால்கள் அவனுடையவையாக இல்லை. ஈரச் சாக்கும் கிரீஸும் புளித்த திராட்சையும் கலந்த வாடை அறைக்குள் கனத்துக் கிடந்தது. உர மூட்டைமேல் சாய்ந்தான். தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடவில்லை, இமையை மட்டும் கொஞ்சம் இறக்குவோம் என்று நினைத்தான். மகளுக்குப் போன் அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

விழித்தபோது மழைச் சத்தம் இல்லை.

எழுந்து வெளியே கிணற்றோரம் வந்தான். மலையிலிருந்து மேகம் இறங்கித் தோட்டத்தை மூடியிருந்தது. பந்தல் கல்தூண்கள் மூன்றாவது வரிசைக்கு மேல் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு, நெஞ்சில் சூடு. சட்டைத் துணி தாண்டிச் சுட்டது.

எடுத்தான். கறுப்பு. பூட்டு இல்லை.

அமுக்கினான். எழவில்லை. இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பத்து எண்ணினான். இருபது. முப்பது. விரல் வெளுத்தது. போன் அசையவில்லை, ஆனால் அவன் உள்ளங்கைக்குள் என்னவோ அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தாழ்ந்த குரலில் பேசினால் சுவர் அதிருமே, அந்த மாதிரி.

காதில் வைத்தான்.

இரண்டு சின்ன இருமல். ஒரு மூச்சு. நீளமாக ஒன்று.

அவன் இருமவில்லை.

"பட்டாணி," என்றது அவன் குரல். "பட்டாணி, தாயி. சரிதான?"

சட்டென்று பேச்சு நின்றது. காது கொடுத்துக் கேட்பதுபோல நின்றது.

சட்டைக்குள் புகுந்த தேளை உதறுவதுபோல உதறினான். போன் கிணற்றுக்குள் போனது. சற்றுக் கழித்துக் கீழே தண்ணீர் ஒரு வாய் திறந்து மூடியது. அவ்வளவுதான். முடிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். முதலாளிக்கு என்ன சொல்வது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அவனுக்குப் பின்னால், மோட்டார் அறைக்குள், டக் என்று ஒரு சத்தம்.

மோட்டார் ஓடத் தொடங்கியது.

அறை வாசலுக்கு மேலே, எப்போதும் போட்டே கிடக்கும் பல்பைப் பார்த்தான். எரியவில்லை. கரண்ட் இல்லை. குழாயில் தண்ணீர் பாய்ந்து வந்து தொட்டியில் விழுந்தது. அந்த ஒரு நம்பருக்கு மட்டும் மசிகிற மோட்டார்.

ஓடினான்.

வாய்க்கால் வரப்பு. வழுக்கல். விழுந்து எழுந்தான். கால் மணி நேர நடை அது. மேகத்துக்குள் வழி தெரியவில்லை, கால்தான் வழியை அறிந்து ஓடியது. நெஞ்சு கிழிந்தது. காலனி வீடுகள் வந்தன. ஐந்து கதவில் பூட்டு. ஆறாவது அவன் வீடு. உள்ளே தாழ் போட்டிருந்தது.

தாழ் போட்டிருந்தது. உள்ளே இருக்கிறாள். அந்தக் கதவில் நெற்றியை வைத்து அழத் தோன்றியது அவனுக்கு.

தட்டினான். "யுவராணி. ஆத்தா. கதவத் திற."

உள்ளே ஒரு சிணுங்கல். பிறகு மகளின் குரல், ரொம்பச் சின்னதாக.

"அப்பா, கதவத் தட்டுதுப்பா."

அவள் அவனிடம் பேசவில்லை.

பட்டன் போனின் ஒலிபெருக்கி எப்போதுமே ஊருக்கே கேட்கும். இருமல் கேட்டது. இரண்டு, ஒரு மூச்சு, ஒன்று. அந்தக் குரலுக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"தட்டட்டும் தாயி. திறக்காத."

"நான்தான் அப்பா!" ஒச்சாண்டி கதவை அறைந்தான். "குட்டி பேரு பட்டாணி. பட்டாணி! கேளு தாயி, பட்டாணி!"

உள்ளே அழுகை வெடித்தது. "அப்பா, அதுக்குப் பேரு தெரியுதுப்பா."

"ஒட்டுக் கேட்டிருக்கும்," என்றது போன். "யாரு முதல்ல சொன்னா?"

"நீங்கதான் சொன்னீக."

"பொறகென்ன? பின்கதவு வழியா வந்துரு. நான் கிணத்தடியிலதான் நிக்கிறேன். வா, ஒண்ணு காட்டுறேன்."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தான். இருமல் வந்தது. இரண்டு, ஒரு மூச்சு, ஒன்று. உள்ளேயும் அதே நேரத்தில். இரண்டு, ஒரு மூச்சு, ஒன்று.

பின்தாழ்ப்பாள் விலகியது.

அவன் வீட்டை ஒட்டி முள்வேலி, ஆறு வீட்டையும் சுற்றித்தான் பின்பக்கம் போக வேண்டும். சுற்றினான். கதவு திறந்து கிடந்தது. அவள் செருப்பு அங்கேயே கிடந்தது. மேகத்துக்குள், தோட்டத்துப் பாதையில், பட்டன் போனின் சின்ன வெளிச்சம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"யுவராணி!"

வெளிச்சம் ஓடத் தொடங்கியது.

ஓடினான். அது இன்னும் வேகமாக ஓடியது. வீறிட்டு அழுதுகொண்டே ஓடியது. நின்றான். அது நடந்தது. ஓர் அடி வைத்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் ஒரு கணம் தெரிந்தது. பெற்ற தகப்பனைப் பார்க்கிற முகம் இல்லை அது.

பிறகு திரும்பி ஓடினாள். மேகத்துக்குள், மோட்டார் சத்தம் வருகிற திசையில், அவன் குரல் அவளைச் செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.