பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு பிற்பகலில், தெருக்கோடியில் இருந்த அந்தப் பழைய வீட்டின் முன்னால் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள்.

"இதையும் நீ வேணாம்னு சொன்னேன்னு வெச்சுக்கோ, நான் மலைக்கு நடந்தே போயிடறேன்," என்றாள் மகள், குடையை மடக்கிக்கொண்டே.

"முதல்ல பாக்க விடுடி."

அம்மாவை ஊரே 'பிரேக் டீச்சர்' என்றுதான் கூப்பிடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் பாதி ஆயுளைப் பக்கத்து சீட்டிலேயே கழித்தவள். அந்த வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சொதப்பினால் இவள் மிதிப்பாள். மிதித்து மிதித்துப் பழகிப்போன வலது கால், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் தரையைத் தேடும். சினிமாவில் கார் வேகமாகப் போனால் முன்வரிசைக்காரரின் நாற்காலியை உதைக்கும்.

மகளுக்கு வயது இருபத்தாறு. வீட்டில் இன்னும் 'பாப்பா'தான். மலை மேல் இருக்கும் மருத்துவமனையில் பரிசோதனைக்கூட வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் வேலை முடியும் நேரத்துக்குப் பஸ் கிடையாது. தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்க, நம்பி உட்காரக்கூடிய ஒரு பழைய கார் வேண்டும். பார்த்ததையெல்லாம் டீச்சர் கழித்துக் கட்டிவிட்டாள். ஒன்றில் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வாடை. இன்னொன்றில் கதவு முழுக்க, நசுங்கலை மறைத்துப் பூசிய பட்டி. மற்றொன்று ஸ்டார்ட் செய்ததுமே கிழவன் மாதிரி இருமியது.

"டீச்சரம்மா, இது தங்கம்," என்றார் தரகர். "ஒரே கை ஓட்டின வண்டி. ஒரு கீறல் காட்டுங்க, மீசையை எடுத்துடறேன்."

டீச்சர் கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தாள். கதவு, பானெட், டிக்கி என்று எங்கே வைத்தாலும் பச்சக் என்று ஒட்டியது. எங்குமே பட்டி இல்லை. டயர் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. எஞ்சின் பூனை தூங்குவது போல உறுமியது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவளை உறுத்தியது.

வீட்டுக்காரப் பெரியவர் வாசற்படியிலேயே நின்றிருந்தார். காருக்குப் பக்கத்தில் வரவில்லை. தரகரை மட்டும் கைகாட்டி அழைத்து, காதில் ஏதோ சொன்னார். தரகர் "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டினார்.

டீச்சர் முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தாள்.

தைல வாடை. தலைவலிக்குத் தடவும் தைலம். ஜன்னல்களைப் பல மாதம் திறக்காமல் வைத்தால் எப்படியோ, அப்படி.

காலடியில் புத்தம்புது விரிப்பு. பழக்கதோஷத்தில் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

அடியில் இருந்த கம்பளம் தேய்ந்து, தகரம் தெரிந்தது. ஒரு குதிகால். ஒரு முன்பாதம். வலது கால்.

டீச்சர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தாள். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் தன் காலடியில் இருக்கும் தேய்மானம் இதே மாதிரிதான். ஆனால் அங்கே ஒரு பிரேக் இருக்கிறது.

"இது டிரைவிங் ஸ்கூல் வண்டியா?"

"ஐயோ, குடும்ப வண்டிம்மா. பெரியவர் பையன் ஓட்டினது."

"அப்போ பக்கத்து சீட்ல எதுக்குத் தரை தேஞ்சிருக்கு?"

தரகர் சிரித்தார். "யாராச்சும் தாளம் போட்டிருப்பாங்க."

ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது பாப்பா ஒரு நிபந்தனை போட்டாள். "நீ பின்னாடி உக்காரு. முன்னாடி உக்காந்தா உன் கால் சும்மா இருக்காது. எனக்குக் கை நடுங்கும். காலை எடும்மா, காலை எடும்மான்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

தரகரும் பின்சீட்டிலேயே ஏறிக்கொண்டார். "எனக்கு முன்னாடி ஒத்துக்காதுங்க," என்றார். யாரும் கேட்காமலேயே.

கார் நகர்ந்ததும் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங்... டிங்... டிங்... முன்னால் சிவப்பு விளக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம்.

பக்கத்து சீட்டில் யாருமே இல்லை.

"சென்சார்ல ஒயர் கோளாறுங்க," என்றார் தரகர். "அடிக்கட்டும், விடுங்க."

டீச்சருக்கு அந்தச் சத்தம் ஆகாது. வகுப்பில் யாராவது பெல்ட் போடாமல் விட்டாலே திட்டித் தீர்த்துவிடுவாள். பின்சீட்டிலிருந்து எக்கி, பெல்ட்டை இழுத்து, காலி சீட்டின் குறுக்கே கொண்டுபோய் மாட்டினாள். சத்தத்தை அடக்க எல்லோரும் செய்கிற வேலைதான்.

"அம்மா, வேணாம்—" என்று தரகர் கையை நீட்டுவதற்குள்,

க்ளிக்.

மணி நின்றது.

பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். ஆனால் மாட்டுவதற்கு இரண்டு சாண் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு உடம்பு இருந்தால் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு.

தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. கார் சட்டென்று நின்றது. மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"பிரேக் அபாரம்மா!" என்றாள் பாப்பா. "காலைக் கொண்டுபோறதுக்குள்ளயே நிக்குது."

தரகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து டீச்சர் ஆன மட்டும் மல்லுக்கட்டினாள்.

"வேணாம் பாப்பா. மனசுக்குப் பிடிக்கலை."

"காரணம் சொல்லு."

"தரை தேஞ்சிருக்கு."

"தரை தேஞ்சா வண்டி ஓடாதா? டயர் நல்லாருக்கு, எஞ்சின் நல்லாருக்கு, பிரேக் நல்லாருக்கு. நீயேதானே பாத்தே? உன் பயத்தை எடுத்து என் தலையில கட்டாதேம்மா. திங்கட்கிழமை நான் போயாகணும்."

யாருக்கும் காட்டக்கூடிய காரணம் டீச்சரிடம் ஒன்றுகூட இல்லை.

கார் வீட்டுக்கு வந்தது. பாப்பா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பக்கத்து சீட்டின் பெல்ட்டைக் கழற்றினால் மணி அடித்ததால், மாட்டியே வைத்திருந்தாள்.

சில நாளிலேயே சாப்பிடும்போது ஒரு பேச்சு வந்தது. "பிரேக் கொஞ்சம் ஓவரா பிடிக்குதும்மா. வளைவுல எதிர்ல வண்டி வந்தாலே தானா பிடிச்சிடுது. இன்னிக்குப் பின்னாடி வந்த லாரிக்காரன் கன்னாபின்னான்னு திட்டிட்டான்."

டீச்சரின் கையில் சோறு அப்படியே நின்றது. வகுப்பில் சேர்கிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் ஒன்று உண்டு: 'வேகம் கொல்றதைவிட, பயத்துல போடற பிரேக்தான் ஆளைக் கொல்லும்.' ஈரமான மலைப்பாதை, வளைவு, பின்னால் பாரம் ஏற்றிய லாரி. அங்கே சும்மா ஒரு பிரேக் போட்டால்...

மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். "பிரேக் பெர்ஃபெக்ட் டீச்சர். எங்க வீட்டுப் பிள்ளைகளையே இதுல அனுப்புவேன்."

அவள் விரிப்பைத் தூக்கினாள். போன வாரம் புதிதாக இருந்த விரிப்பின் அடிப்பக்கம், குதிகால் இடத்தில் நைந்திருந்தது.

மறுநாள் இருட்டிய பிறகு தெருக்கோடி வீட்டுக் கதவைத் தட்டினாள். பெரியவர் அவள் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெல்ட்டை மாட்டினீங்களா?"

"மணி அடிச்சுதுங்க ஐயா..."

"அடிக்கட்டும்னு விடச் சொன்னேனேம்மா! தரகர்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன். மாட்டாம இருந்தா, வண்டி நின்னதும் இறங்கிப் போயிடுவா. எங்க வீட்டுத் திண்டாட்டம் எங்களோட போகட்டும்னுதான் சொன்னேன்."

"யாருங்க ஐயா?"

"என் வீட்டுக்காரி." பெரியவர் குரல் இறங்கியது. "பையன் ஓட்டினா இவளுக்கு உயிர் இவகிட்ட இருக்காது. பாத்து, பாத்துன்னு சொல்லிட்டே தரையை மிதிப்பா. ஒருநாள் மலை வளைவுல லாரி நேரா வந்துடுச்சு. பையன் லாவகமா ஒதுக்கிட்டான். ஒரு கீறல் விழலை. திரும்பிப் பாத்தா..."

பெரியவர் குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தார்.

"பயத்துலயே அவ போயிட்டாம்மா. இங்க கொண்டு வந்தப்புறமும் அந்தக் காலைத் தரையிலேருந்து எடுக்க முடியலை. அப்படி அழுத்திட்டிருந்தா."

"உங்க பையன்?"

"இப்ப எதையும் ஓட்டறதில்லை. இந்தப் பக்கமே வர்றதில்லை."

டீச்சர் தெருவுக்கு ஓடி வந்தாள். வண்டி ஓட்டுகிறவருக்குப் போன் செய்யக் கூடாது என்பது அவள் ஊருக்கெல்லாம் சொல்லும் சட்டம். பாப்பா இந்நேரம் மலை இறங்கிக்கொண்டிருப்பாள்.

போட்டாள்.

காரின் ஸ்பீக்கர் வழியாகப் பேசும் பாப்பாவின் குரல் போனில் கேட்டது. "என்னம்மா? ஓட்டிட்டிருக்கேன்."

"ஒண்ணுமில்ல. ஓரமா நிறுத்திட்டுப் பேசு."

"இங்க ஏது ஓரம்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னாடி லாரி வேற ஒட்டிக்கிட்டே வருது."

"சரி, மெதுவா வா. அவசரம் இல்லை."

"வந்துட்டுதானே இருக்கேன்! எதுக்கும்மா பாத்து, பாத்துன்னு சொல்லிட்டே இருக்கே?"

டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் சொல்லலை பாப்பா."

மறுமுனையில் எஞ்சின் சத்தம். வைப்பரின் சரசரப்பு. அவற்றுக்கு நடுவே, காற்றைப் போல, களைத்துப்போன ஒரு பெண் குரல்.

பாத்து... பாத்து...

கிரீச்! டயர் அலறியது. அதன் மேல் லாரியின் ஹார்ன் நீளமாகப் பாய்ந்தது.

"அம்மா! நான் மிதிக்கலைம்மா! தானா பிடிக்குது!"

டீச்சருக்குக் கால் பரபரத்தது. தெருவில் நின்றுகொண்டே வலது காலால் மண்ணை மிதித்தாள். மிதித்து என்ன ஆகப்போகிறது? கத்தினால் மகள் பயப்படுவாள். மகள் பயந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவளும் பயப்படுவாள். அவள் பயந்தால் மிதிப்பாள்.

வகுப்பில் பேசும் குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நான் பாப்பாவோட அம்மா பேசறேன். புள்ளை நல்லா ஓட்டுவா. நானே கத்துக்கொடுத்தது. ஒண்ணும் ஆகாது. காலை எடுங்க. மெதுவா எடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"யார்கிட்டம்மா பேசறே?" பாப்பாவின் குரல் உடைந்தது.

மழை. மூச்சு.

பிறகு, பாரம் இறங்கிய மாதிரி, எஞ்சின் சத்தம் இலகுவாயிற்று.

கார் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் நின்றிருந்த டீச்சர், மகளைக்கூடக் கட்டிக்கொள்ளாமல் நேராகப் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தாள். தைல வாடை முகத்தில் அடித்தது. பெல்ட்டை விடுவித்தாள். அது சரசரவென்று உள்ளே சுருண்டுகொண்டது. கதவைச் சிறிது நேரம் திறந்தே வைத்திருந்தாள், யாருக்கோ வழி விடுவது போல. வாடை குறைந்தது.

பெரியவர் சொன்னதை ஒன்று விடாமல் மகளிடம் சொன்னாள். பாப்பா முகம் வெளுத்துப்போய்க் கேட்டாள். ஆனால் காலையில் எழுந்ததும் பேச்சு மாறிவிட்டது.

"போன்ல இரைச்சல்மா. ரோடு ஈரம், வழுக்கியிருக்கும். அதான் பெல்ட்டையும் கழட்டிட்டியே? சேர்ந்த முதல் வாரமே லீவு கேட்டா வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க."

தரகருக்குப் போன் போட்டால், அவர் எடுக்கவே இல்லை.

"அப்போ நானும் வரேன்," என்றாள் டீச்சர். "முன்னாடிதான் உக்காருவேன்." சீட்டில் ஆள் இருந்தால் இன்னொருவருக்கு ஏது இடம் என்பது அவள் கணக்கு.

"காலை ஆட்டக் கூடாது."

"ஆட்டலை. இந்தா, மேலயே வெச்சுக்கறேன் போதுமா?"

செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கி, கைகளால் கட்டிக்கொண்டாள். பாப்பா சிரித்தே விட்டாள். "டிரைவிங் ஸ்கூல் புள்ளைங்க பாத்தா மானம் போயிடும், டீச்சர்!"

கார் மலை ஏற ஆரம்பித்தது. காற்று குளிர்ந்தது. பாறையிலிருந்து தண்ணீர் ஒழுகி ரோட்டை நனைத்திருந்தது. முதல் வளைவு நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே.

பின்கண்ணாடியில் ஒரு லாரி பெரிதானது.

அப்போதுதான் டீச்சருக்கு நெஞ்சின் குறுக்கே ஏதோ அழுத்துவது தெரிந்தது. குனிந்து பார்த்தாள்.

பெல்ட்.

ஏறி உட்கார்ந்ததும் கை தானாகப் போய் மாட்டியிருக்கிறது. பாதி ஆயுள் பழக்கம். யோசிக்காமலேயே, க்ளிக்.

இப்போது நினைவு வந்தது. மாட்டும்போது பெல்ட் இரண்டு சாண் கூடுதலாகக் கேட்டது.

கையை விட்டுக் கொக்கியை அழுத்தினாள். அழுத்தினாள். அது அசையவில்லை.

தைல வாடை. இந்தத் தடவை பக்கத்தில் இல்லை. அவள் மூச்சுக்குள்ளேயே.

எதிர் வளைவில் விளக்குகள் தெரிந்தன.

"பாத்து..."

சொன்னது தன் வாய்தான் என்று டீச்சருக்குத் தெரிந்தது. சொல்ல நினைத்தது தான் இல்லை என்பதும்.

கார் குலுங்கி வேகம் இழந்தது. லாரியின் ஹார்ன் முதுகில் வந்து மோதியது.

"அம்மா, காலை எடும்மா!" ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பாப்பா கெஞ்சினாள். "ப்ளீஸ்மா, நான் பாத்துக்கறேன். காலை எடு!"

டீச்சரின் இரண்டு கால்களும் சீட்டின் மேல், அவள் கைகளுக்குள்ளேயே இருந்தன.

கீழே, யாருமில்லாத தரையில், விரிப்பு மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.