தண்ணீர் ஊற்றிய குழி

பசுவந்தனை ரோட்டில் இருந்த சங்கரபாண்டியின் லேத் பட்டறைக்கு ஸ்டெல்லாமேரி வந்து சேர்ந்தபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. தம்பி சாமுவேல்ராஜ் உள்ளேதான் இருந்தான். நாளைக்கு இமயமலைப் பயிற்சிக்கு ரயில், வருஷக் கடைசியில் தென்துருவத்துக்குக் கப்பல். செத்துப்போன அவள் புருஷனின் இடத்துக்கு இப்போது அவன் போகிறான். எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்றுதான் அவள் வந்தாள்.

புருஷன் தேவஆசீர்வாதமும் சங்கரபாண்டியும் கரிசல்காடு முழுக்க போர்வெல் கிணறு போட்டவர்கள். அந்தக் கைப்பழக்கத்துக்காகவே, பனிக்கட்டியைத் துளைத்து ஆழத்திலிருந்து ஐஸ்தூண் எடுக்கும் வேலைக்கு எண்பத்தைந்தாம் வருஷம் தென்துருவத்துக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பியது சங்கரபாண்டி மட்டும். வந்தவன் அவளிடம் சொன்னது இதுதான்:

"பழக்கதோஷம் தங்கச்சி. நம்மூரு போர்னு நெனச்சு, சூடு தணிய குழில தண்ணிய ஊத்திட்டான். அது உறைஞ்சு குழாயக் கவ்விட்டு. ஸ்பிரிட் ஊத்தி ஐஸ இளக்காம, கம்பி சுத்துற விஞ்ச்சப் போட்டு இழுத்தான். கம்பி அறுந்து நெஞ்சுல அடிச்சிட்டு."

ஜெபக்கூட்டத்தில் அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான். அவளும் நம்பினாள். இப்படியா ஒரு மனுஷன் புத்திகெட்டுப் போவார் என்று செத்தவரையே ஏசினாள்.

பட்டறைக்குள் கரண்ட் இல்லை. உத்தரத்துச் சங்கிலியில், பழுதுபார்க்க வந்த, அன்று குழியில் சிக்கிய அதே துளைக்குழாய் தொங்கியது. அதைத் தொட்டுத் தொட்டு சாமுவேல்ராஜுக்கு விளக்கிக்கொண்டிருந்த சங்கரபாண்டி சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

குழாயின்மேல் வெள்ளையாக உறைபனி பூத்துக்கொண்டிருந்தது.

எண்ணெய் வாடை போய் ஸ்பிரிட் வாடை ஏறியது. தரையில் புகைபோல் பனி இறங்கி, பட்டறை மங்கியது.

டொக்.

டொக்.

குழாய்க்கு உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். பிறகு, அவள் பத்து வருஷம் கேட்டுப் பழகிய குரல்.

"அண்ணாச்சி... குழில தண்ணி ஊத்துனியளா?"

சங்கரபாண்டியின் வாய் தானாகப் பதில் சொன்னது.

"இல்லலே ஆசீர். நான் ஊத்தல. பயப்படாம இழு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான்.

"அன்னைக்கும் இதத்தான் சொன்னியளா?" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"பழக்கத்துல ஊத்துனது நாந்தான். எல்லாரும் சிரிப்பாவன்னு மறைச்சிட்டேன் தங்கச்சி. இழுத்தா வந்துரும்னு நெனச்சேன்..."

கூட இருந்தே குழி பறித்தவன். செத்தவர் தலையில் பழியையும் போட்டு, அடுத்து தம்பியையும் அதே குழிக்கு அனுப்ப நிற்கிறான். அன்றைக்கு இவன் உண்மையைச் சொல்லியிருந்தால் ஆசீர்வாதம் விஞ்ச்சைத் தொட்டிருக்கவே மாட்டார்.

"ஏலே, வா போவோம்." பனிமூட்டத்தில் பின்னால் கையை நீட்டினாள். வந்த கையை இறுகப் பிடித்து, திரும்பிப் பாராமல் வெளியேறினாள். அழுதுகொண்டே ரோட்டில் நடந்தாள். பட்டறைக்குள் கரண்ட் இல்லாமலே விஞ்ச் ஓடும் சத்தம் கேட்டது. சங்கரபாண்டி அலறினான்.

"யக்கா!"

குரல் முன்னாலிருந்து வந்தது. தூரத்தில், பஸ் ஸ்டாப்பில், சாமுவேல்ராஜ் கையசைத்துக்கொண்டு நின்றான். "குழாய் தட்டுனப்பமே நான் ஓடியாந்துட்டேன். அங்கன ஒத்தையில என்ன செய்யுத? சீக்கிரம் வா!"

ஸ்டெல்லாமேரி நின்றாள்.

அவள் கைக்குள் ஒரு கை இருந்தது. அவள் போட்டுவிட்ட கல்யாண மோதிரத்தோடு, காய்ப்புக் காய்த்த, ஜில்லிட்ட கை.

அவள் அதை விடவில்லை. இந்த வெயிலில் அது உருகிவிடுமோ என்றுதான் பயந்தாள்.