முப்பதாவது துணி

மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்த ஆபரேஷன் தியேட்டரின் கதவு லேசில் திறக்கவில்லை. தலைமை நர்ஸ் தோளால் இடித்துத்தான் திறந்தாள்.

பட்டப்பகல் பதினொரு மணி. உள்ளே மட்டும் மை இருட்டு. மருந்து நெடிக்கு அடியில் இன்னொரு வாடை. ரத்தம் ஊறி, காயாத துணியின் வாடை.

"சீக்கிரம் எடுங்க, சிஸ்டர். பத்து நாள்ல விசாரணை. நீங்க ஒளிச்சு வெச்சதாச் சொன்ன அந்தச் சீட்டு வெளியில போச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் காலி" என்றார் பின்னால் வந்த டாக்டர். எந்த ஆபரேஷனையும் சட்டென்று முடிப்பதால் அவருக்கு மின்னல் டாக்டர் என்று பெயர்.

வயிற்றை அறுக்கும்போது ரத்தம் ஒற்ற வெள்ளைத் துணிகளை வைப்பார்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் நீல நாடா. கட்டுக்கு ஐந்து. தைத்து மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்து, ஸ்டாண்டின் கொக்கிகளில் மாட்டி எண்ண வேண்டும். தியேட்டரைப் பூட்டுவதற்குச் சில நாள் முன் நடந்த ஒரு ஆபரேஷனில் ஆறு கட்டு பிரித்தார்கள். கொக்கிகளில் தொங்கியவை இருபத்தொன்பது.

"ஒரு கட்டுல நாலுதான் வந்திருக்கும். அடுத்த கேஸ் காத்திட்டிருக்கு. முப்பதுன்னு எழுதுங்க!" என்று டாக்டர் கத்தினார்.

பிரிக்கும்போதே ஒவ்வொரு கட்டையும் எண்ணியிருக்க வேண்டும். ஆறாவது கட்டை அவள் அவசரத்தில் எண்ணாமல் விட்டிருந்தாள். அதனால் இருபத்தொன்பது என்று எழுதிய சீட்டை மாற்றி, முப்பது என்று புதுச் சீட்டு எழுதினாள். மனசு கேட்காமல் பழைய சீட்டை அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அன்று மேஜையில் படுத்திருந்தவள் ஒரு தையல்காரி. மயக்க மருந்து ஏறும்வரை சிரித்துப் பேசினாள். "உள்ள எதையாவது விட்டுட்டுத் தைச்சிடாதீங்க, சிஸ்டர். ஊசியை எண்ணாம நான் கடையைச் சாத்தவே மாட்டேன்."

பதினோராம் நாள், வயிறு பானையாக வீங்கி, கத்திக் கத்தியே செத்தாள். போஸ்ட்மார்ட்டம் செய்யாமலே எரித்துவிட்டார்கள்; புருஷன் புகார் கொடுத்ததும் தியேட்டரைப் பூட்டினார்கள்.

நர்ஸ் விளக்கைப் போட்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்தாள். "இதையும் கிழிச்சிட்டா அந்தப் பொண்ணுக்கு நியாயமே கிடைக்காது, டாக்டர்."

"கட்டை எண்ணாதது யாரு? நானா?"

அவள் சீட்டை நீட்டினாள். டாக்டர் அதை நான்காகக் கிழித்தார்.

டொக்.

தரையில் ஒரு சொட்டு.

காலியாக இருந்த ஸ்டாண்டில் ஒரு துணி தொங்கியது. நனைந்து, சிவந்து. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த கொக்கியில் இன்னொன்று. முப்பது கொக்கிகளும் நிறைந்தன.

"யாரது?" என்றார் டாக்டர். அதற்கு மேல் பேச விடவில்லை.

ஏதோ ஒன்று அவரைத் தூக்கி மேஜைமேல் மல்லாக்க அடித்தது. மண்டை இரும்பில் மோதி விண்ணென்றது. சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை தோல் தானாகப் பிளந்தது. கத்தியில்லை. கையில்லை. பிளவு மட்டும் நிதானமாக இறங்கியது.

அவர் அலறினார். மயக்க மருந்து இல்லாத அலறல்.

நர்ஸ் கதவுக்கு ஓடினாள். கதவு அசையவில்லை.

கொக்கிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒவ்வொரு துணியும் அந்தப் பிளவுக்குள் அமுங்க, குபுக்கென்று ரத்தம் பொங்கி அவள் முகம் வரை தெறித்தது.

காதோரம் ஒரு மூச்சு.

"எண்ணுங்க, சிஸ்டர்."

அவள் எண்ணினாள். டாக்டரின் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. பதினேழில் நின்றன. இருபத்தொன்பதில் துணி தீர்ந்தது.

பிறகு தையல் மெஷின் ஓடும் சத்தம். டக டக டக டக. பிளந்த தோல் நீல நாடாவால் நெருக்கமாக, அழகாக மூடிக்கொண்டது.

கொக்கி முப்பதும் காலி. கடைசித் துணி எங்கே போனது?

கதவு தானாகத் திறந்தது.

போஸ்ட்மார்ட்டத்தில் இருபத்தொன்பது துணிகள் கிடைத்தன. தியேட்டரில் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. போலீசுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பத்தாம் நாள் விசாரணை. வாசலில் ஆஸ்பத்திரி மேனேஜர் கிசுகிசுத்தார். "இப்ப இருக்கறது முப்பதுன்னு நீங்க எழுதின சீட்டு ஒண்ணுதான். கணக்கு சரின்னு சொல்லிட்டு வந்துடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

உள்ளே, எதிரே தையல்காரியின் புருஷன் உட்கார்ந்திருந்தான். கையில் அவளுடைய அளவு டேப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தான்.

"அந்தம்மா வயித்துலேர்ந்து மொத்தம் எத்தனை துணி வெளியே வந்தது?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"மு..."

தொண்டைக்குள் ஏதோ நெளிந்தது. ஈரமாக மேலே ஏறி நாக்கின் நுனியைத் தொட்டது. ரத்த வாடை. மெல்லிய நாடா.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது.

"இருபத்தொன்பதுதான், சார். நான்தான் பொய்யா எழுதினேன்."

புருஷன் டேப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

நாடா நாக்கை விட்டு மெதுவாக இறங்கியது. தொண்டையைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, வயிற்றுக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

வெளியே வரவேயில்லை.