அடைத்து வைத்த நம்பர்

அன்றைக்கு மெஷின் சத்தியநாதனின் காலைப் பார்த்துக் கத்தவில்லை.

வழக்கமாக அந்த மெட்டல் டிடெக்டருக்கும் இந்தக் காலுக்கும் ஆகவே ஆகாது. கோவளம் மணலில் சுற்றும்போதும் சரி, வீட்டு ஹாலில் துடைத்து வைக்கும்போதும் சரி, அடியில் இருக்கும் வட்டத் தட்டு அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே வந்தால் போதும், கீச்சென்று ஒரு கத்தல், திரையில் ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு உலோகத்துக்கும் அதில் ஒரு நம்பர்; எலும்போடு சேர்த்து ஏழு ஸ்க்ரூ போட்டு முடுக்கிய பிளேட்டின் நம்பர் அது. "உன்னையே தோண்டி எடுத்துரலாம் போலகீதே மச்சான்" என்று சிநேகிதன் ஜீவானந்தம் கிண்டல் பண்ணுவான். இன்றைக்குத் தட்டு ஷூவை உரசிக்கொண்டே போனது, மெஷின் வாயைத் திறக்கவில்லை. பேட்டரியும் இருந்தது. இப்போதுதான் ஒரு பழைய அஞ்சு ரூபாய்க் காசுக்கு ஒழுங்காகக் கத்தியது. அடிக்கிற வெயிலில் அதற்கும் மண்டை சூடாகியிருக்கும் என்று சத்தியநாதன் விட்டுவிட்டான்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் பின்னால், எப்போதோ கைவிட்ட கல்குவாரி அது. மே மாசத்தில் தண்ணீர் இறங்கி இறங்கி, க்ரஷர்காரர்கள் கொட்டிவிட்டுப் போன ஜல்லியெல்லாம் வெளியே வந்திருந்தது. வருஷக்கணக்காகத் தண்ணீரில் புரண்டு முனை மழுங்கி, கூழாங்கல் கணக்காய் உருண்டையாகிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மூணு மணி, ஒரு பட்டறையும் ஓடவில்லை. காய்ந்த பாசியின் கவிச்சியும், சுட்ட கல்லின் வாசனையும், எங்கிருந்தோ லேசாக கட்டிங் ஆயில் நெடியும். ஒவ்வொரு அடிக்கும் கல் நொறுநொறு என்றது. கொஞ்சம் பொறுத்து எதிர்ப்பக்கப் பாறைச் சுவரிலிருந்து அதே நொறுநொறு திரும்பி வந்தது.

குளிக்க வருகிறவர்கள் இங்கே மோதிரமும் செயினும் தொலைப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஜீவா வரமாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அஸ்தினாபுரம் சர்ச்சில் ஞாயிறு பள்ளியிலிருந்தே கூட இருப்பவன், இரண்டு தெரு தள்ளி வீடு, இந்தப் பேட்டையில்தான் லேத் ஓட்டுகிறான். "அங்க இன்னா கீது, வெறும் பாட்டில் மூடி" என்பான். அப்படியென்றால் நான் தனியாகப் போகிறேன் என்று சத்தியநாதன் சொன்ன பிறகுதான், தனியா போகாத, நானும் வர்றேன் என்று இறங்கி வந்தான். மெஷினைக்கூட முந்தின ராத்திரியே எடுத்துப்போய் செட் பண்ணி வைத்திருந்தான். வந்த பிறகு தேடவில்லை. மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அந்தத் தட்டப் பாறைகிட்ட போகாத மச்சான், வழுக்கும். நான் டீ வாங்கினு வரேன்."

பைக் சத்தம் தேய்ந்து போனது. சத்தியநாதன் நிழலுக்காக அந்தத் தட்டைப் பாறையோரமாகத்தான் போய் நின்றான். உட்கார்ந்து மெஷினை மடியில் வைத்து, திரையில் வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தான். வேண்டாத குப்பைக்கு மெஷின் கத்தாமல் இருக்க, அதன் நம்பரை அடைத்து வைக்கலாம். அடைத்த நம்பருக்கு மேலே சின்னதாய் ஒரு கறுப்புக் கட்டம் தெரியும். இவர்கள் எப்போதும் அடைப்பது பாட்டில் மூடியைத்தான். இன்றைக்கு மூடியின் நம்பர் திறந்து கிடந்தது. ஐம்பத்தெட்டின் மேல்தான் கட்டம்.

ஜீவா என் காலுக்காக அடைத்திருக்கிறான், பாவம், என்று சிரிப்புகூட வந்தது. பட்டனை அழுத்தித் திறந்துவிட்டு எழுந்து, தட்டைக் காலருகே கொண்டுபோனான். கீச். ஐம்பத்தெட்டு. பழைய சிநேகிதன் பேசிவிட்ட மாதிரி இருந்தது. தட்டைக் காலிலிருந்து தள்ளி, கைநீளத்துக்கு எட்டிப் பிடித்தான்.

கீச். ஐம்பத்தெட்டு.

காலை இழுத்துக்கொண்டான். இன்னும் இரண்டடி பின்னால் போய், மெஷினின் கம்பியை முழுசாக நீட்டிப் பாறையோரம் தடவினான். கத்தியது. குறுக்கே தடவினால் விரலகலம்தான். நீளவாக்கில் தடவினால் ஒரு சாண்.

அவன் உடம்பில் இருக்கும் பிளேட்டும் ஒரு சாண்தான். டாக்டர் எக்ஸ்ரேவை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு எக்ஸ்ரே. பெருங்களத்தூரில் லாரி தட்டியபோது பைக்கை ஓட்டியவன் தம்பி சாலமன், பின்னால் இருந்தவன் இவன். இரண்டு பேருக்கும் வலது கால், ஒரே டாக்டர், ஒரே கம்பெனி பிளேட். வீட்டு ஹாலில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்து, யார் முதலில் நடப்பது என்று பந்தயம் கட்டினார்கள்.

சாலமன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம். 'என்னைத் தேடாத அண்ணா, நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று போனில் ஒரு வரி. தாம்பரத்தில் ரயில் ஏற்றிவிட்டதே நான்தான் என்று ஜீவா சொன்னான். கம்ப்ளெய்ன்ட் கொடுக்கப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தியவனும் அவன்தான்: "வளர்ந்த பையன் மச்சான், அசிங்கப்படுத்தாத." நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே என்று சத்தியநாதன் இரண்டு வருஷமாகத் தம்பியை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தான். எங்கேடா இருக்க என்று கேட்காமல் ஒரு நாளும் படுத்ததில்லை.

சத்தம் வந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு வெள்ளைக் கல்லை வைத்தான். மறுபடி தடவினான்.

வெள்ளைக் கல்லுக்குக் கீழே ஒன்றுமில்லை.

ஒரு அடி இந்தப் பக்கம், அவன் இருந்த பக்கம், கத்தியது.

பின்னால் நகர்ந்தான். நொறுநொறு. எதிர்ச் சுவரிலிருந்து நொறுநொறு. அது ஓய்ந்த பிறகு, சுவரிலிருந்து இல்லாமல், கிட்டத்தில், கல்லுக்கு அடியிலிருந்து, இன்னொன்று.

"யாரு கூட பேசினு கீற மச்சான்?"

ஜீவா மேட்டில் நின்றான், கையில் பிளாஸ்டிக் பையில் டீ. தான் பேசிக்கொண்டிருந்தது சத்தியநாதனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஐம்பத்தெட்ட எதுக்கு அடைச்ச?"

"உன் காலு. சும்மா கத்திகினே இருக்கும்னு."

"மூணு மாசமா கத்துச்சே. இன்னிக்கு மட்டும் என்ன?"

ஜீவா கீழே வரவில்லை. அவன் கண் தட்டைப் பாறைக்குப் போய், சட்டென்று திரும்பியது. அந்த ஒரு பார்வை போதும்.

"ஜீவா. என் தம்பி எங்க?"

"குடிச்சிருந்தோம். வாய்த்தகராறு. நான் தள்ளினேன், அவ்ளோதான் மச்சான், சத்தியமா. அந்தக் காலை வெச்சிகினு அவனால நீந்த முடியல." குரல் சாதாரணமாக இருந்தது. பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த குரல். "நான் எறங்கல. எனக்கு பயம். மேலேயே நின்னுட்டேன். அப்புறமா ஓரமா ஒதுங்கினவனை இழுத்து, கல்லைப் போட்டு மூடினேன்."

"மெசேஜ்?"

"நான்தான் போட்டேன்."

இரண்டு வருஷம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரே இலையில் பிரியாணி. நான் உன்னை நம்பினேன்டா பாவி, என் தம்பியைத் திட்டிவிட்டு உன்னை நம்பினேன். சொல்ல வாயெடுத்தான்.

"அவன் என்னைக் கூப்பிடல மச்சான்," என்றான் ஜீவா. "பக்கத்துல நின்ன என்னைக் கூப்பிடல. அண்ணா, அண்ணான்னு உன்னையேதான் கூப்ட்டான்."

சத்தியநாதன் மெஷினைக் கீழே போட்டான்.

அது தானாகக் கத்தியது. நின்றது. மறுபடி கத்தியது. நடுவில் கச்சிதமாக ஒரு இடைவெளி. நடக்கிறவன் ஒரு காலை மாற்றி அடுத்த காலை வைக்கிற இடைவெளி. கூழாங்கற்கள் ஒரு கோடாய் எழும்பி எழும்பி அடங்கின. கோடு ஜீவாவின் பக்கம் போகும் என்று சத்தியநாதன் பார்த்தான். போக வேண்டும். போகவில்லை.

நேராக அவனிடம் வந்தது.

கணுக்காலில் ஒரு பிடி. ஈரம். ஐஸ் மாதிரி. அப்புறம் முழங்காலில். அப்புறம் இடுப்பு பெல்ட்டில். கோபமான பிடி இல்லை அது. முங்குகிறவன் கையில் கிடைத்ததைப் பற்றி ஏறுகிற பிடி. தம்பி ஏற ஏற, சத்தியநாதன் கீழே போனான். முழங்கால் வரை கல். தொடை வரை. நெஞ்சு வரை.

"ஜீவா. கையக் குடு."

ஜீவா டீப் பையோடு அங்கேயே நின்றான். தலையைத் திருப்பி, ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.

சத்தியநாதனின் நெஞ்சுக்கு நேரே கற்கள் விலகின. ஒரு நெற்றி. கண் இருந்த இடம். அகலத் திறந்த வாய், உள்ளே தொண்டை வரைக்கும் ஜல்லி. அவனைப் பார்த்ததும் வாய் இன்னும் அகலமாயிற்று. கல் ஒவ்வொன்றாக வெளியே விழ ஆரம்பித்தது, பின்னால் அடைத்திருந்த அந்த ஒரே வார்த்தைக்கு வழி விட்டுக்கொண்டு.